உருவிய எண் யாருடையது?

நான்கு மழைமானி நிலையங்களின் பதிவை ஆர் மொழியில் லிஸ்டுக்குள் லிஸ்டாக வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். முதல் நிலையத்தில் 12 மில்லிமீட்டர், மூன்றாவதில் 40. இரண்டாவதும் நான்காவதும் மழையளவு அனுப்பவில்லை. எல்அப்ளை கொண்டு மழையளவை உருவி அன்லிஸ்ட் போட்டால் 12, 40 என்று இரண்டே எண்கள் வரும். இல்லாத மதிப்புக்காக நின்ற நல் என்ற வெற்று மதிப்பு சுவடில்லாமல் உதிர்ந்துவிடும். இந்த இரண்டு எண்களை நான்கு நிலையப் பெயர்களோடு டேட்டா ஃபிரேமில் சேர்த்தால் ஆர் தடுக்காது. நான்கு இரண்டால் மீதியின்றி வகுபடுவதால் 12, 40, 12, 40 என்று திரும்பத் திரும்ப இட்டு நிரப்பிவிடும். ஓர் எச்சரிக்கைகூட வராது. மூன்றாம் நிலையத்தின் 40 இரண்டாவதின் கணக்கில் ஏறுகிறது. 52 ஆக இருக்கவேண்டிய மொத்தம் 104 ஆகிறது. மூன்று நிலையங்களில் ஒன்று விடுபட்டிருந்தால் பிழைச்செய்தி வந்திருக்கும். தவறு பிடிபடுவது வகுபடும் தற்செயலைப் பொறுத்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே நிரல் எவ்வளவு சுருக்கம் என்பதை வைத்து, லிஸ்டிலிருந்து மதிப்பை உருவும் கருவிகளை எடைபோடக் கூடாது. மதிப்பு இல்லாத இடத்தைக் காக்கிறதா, முடியாவிட்டால் நின்று சொல்கிறதா என்றே பார்க்கவேண்டும்.

எஸ்அப்ளை எல்லா மதிப்பும் இருந்தால் வெக்டர் தரும், ஒன்று விடுபட்டால் லிஸ்ட் தரும். கன்சோலில் எட்டிப்பார்க்கப் போதும், தினமும் ஓடும் நிரலுக்கு ஆகாது. விஅப்ளையிடம் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எண் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுகிறோம். வராவிட்டால் எத்தனையாவது உறுப்பில் சிக்கல் என்று காட்டி நின்றுவிடும். யாரோ 12ஐ மேற்கோள்குறிக்குள் அனுப்பியிருந்தால் அன்லிஸ்ட் எல்லா எண்களையும் எழுத்தாக்கிவிடும், விஅப்ளை மறுத்துவிடும்.

விடுபட்ட இடத்தில் மதிப்பில்லை என்று குறிக்கும் என்ஏ இட்டுத் தொடரும் வசதியால் பர் பேக்கேஜின் மேப்_டிபிஎல் நெடுங்காலம் ஒரு படி மேலே இருந்தது. 2024இல் வந்த ஆர் 4.4.0, இடப்பக்கம் நல் என்றால் வலப்பக்கத்தை எடுக்கும் செயற்குறியை அடிப்படையிலேயே சேர்த்துவிட்டது. அதை விஅப்ளைக்குள் எழுதினால் அதே பலன் கிடைக்கிறது. ஓரடுக்கு லிஸ்டுக்காக மட்டும் பர் நிறுவத் தேவையில்லை. பெயரும் வரிசை எண்ணும் மாறிமாறி வரும் மூன்று, நான்கு அடுக்குகளுக்குள் இறங்கவேண்டுமென்றால், முழுப் பாதையையும் ஒரே இடத்தில் சொல்லவிடும் பர் பக்கமே நான் சாய்வேன். அன்லிஸ்டை, எந்த எண் யாருடையது என்பது தேவைப்படாத கணக்குகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.