பெயரும் பொருளும்: ஊவா மலைநாட்டின் கொத்துக்குறிகள் பற்றிய ஓர் ஆய்வு

பொருள் கண்முன் இல்லாதவிடத்து அதற்கு ஈடாக நிற்பது பெயர். பதுளைச் சந்தையிற் காய்கறி வாங்குவோன் பொருளைக் கையிலெடுத்துப் பார்த்த பின்னரே விலை பேசுகின்றான். சமூக ஊடகத்திற் பொருள் தேடுவோனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவன் ஒரு பெயரை எழுதுகின்றான்; அப்பெயரின் கீழ் வந்து குவிவனவற்றுள் ஒன்றைத் தேர்கின்றான். ஆதலின், விற்போன் தன் பொருளுக்கு எப்பெயரைச் சூட்டுகின்றான் என்பது அவனது வாணிகத்தின் முதற் கூறாகி விடுகின்றது. ஹேஷ்டேக் என வழங்கும் கொத்துக்குறி இத்தகையதொரு பெயரே. ஊவா மாகாணத்தின் தேயிலையும் மலைக்காட்சியும் உலகத்தார் முன் எப்பெயர்களால் வைக்கப்படுகின்றன, அப்பெயர்கள் தம் பணியைச் செவ்வனே செய்கின்றனவா, அவற்றில் இடம்பெறாது விடுபட்டவர் யாவர் என்பன இக்கட்டுரையில் ஆராயப்படும்.

கொத்துக்குறியின் வரலாறு நீண்டதன்று. 2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆம் நாள் கிறிஸ் மெசீனா என்னும் அமெரிக்கர், டுவிட்டர் தளத்திற் சிதறிக் கிடக்கும் செய்திகளை ஒரு பொருள் பற்றிய கூட்டங்களாகத் திரட்டுவதற்கு, இரு நெடுங்கோடும் இரு குறுக்குக்கோடும் சேர்ந்த அடையாளத்தைச் சொல்லின் முன் இடலாமென முன்மொழிந்தார். அவ்வாண்டு ஒக்டோபரிற் கலிபோர்னியாவின் சான் டியேகோப் பகுதியிற் காட்டுத்தீ பரவியபோது, செய்திகளைச் சேர்த்தறிய அம்முறை பயன்பட்டது. 2009இல் டுவிட்டர் தளம் அத்தகைய சொற்களைத் தொட்டால் திறக்கும் இணைப்புகளாக்கியது. 2011இல் இன்ஸ்டகிராமும் 2013இற் பேஸ்புக்கும் அதனை ஏற்றுக்கொண்டன. செய்தி திரட்டப் பிறந்த கருவி சில ஆண்டுகளுக்குள்ளேயே சரக்கு விற்கும் கருவியும் ஆயிற்று.

கருவி புதிதாயினும் அதன் இலக்கணம் தமிழர்க்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலிற் பெயர்களை இடுகுறி, காரணம் என இரண்டாகப் பகுத்து, அவை பொதுவாகவும் சிறப்பாகவும் வருமென வகுத்தார். மரம் என்பது பொதுப்பெயர். பனை என்பது சிறப்புப்பெயர். இப்பகுப்பைக் கையிற் கொண்டு பார்ப்பின், கொத்துக்குறி தேடுவோர் செய்யும் பிழைகளிற் பெரும்பாலானவை எளிதிற் புலனாகும். தேயிலை, பயணம், இயற்கை என்பனவற்றை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினால் அவை பொதுப்பெயர்களாய் நிற்கும். அவற்றின் கீழ் உலகெங்குமிருந்து பதிவுகள் இடையறாது வந்து விழுந்தவண்ணம் இருத்தலின், பசறையிலிருந்து ஒருவர் இட்ட பதிவு கண்ணிமைக்கும் பொழுதில் அமிழ்ந்துவிடும். மறுதலையாக, ஒருவரும் எழுதித் தேடாத ஒரு சொல்லைப் புதிதாகப் புனைந்து சூட்டினால், அஃது ஆள் நடமாட்டமற்ற தெருவிற் கடை திறந்தது போலாகும். தேடுவோரும் உளராய், பொருளும் பொருந்துவதாய் உள்ள சிறப்புப்பெயரைக் கண்டுபிடித்தலே இத்துறையின் ஆராய்ச்சியாம்.

ஊவாவைப் பொறுத்தவரை இவ்வாராய்ச்சி எத்துணை இன்றியமையாதது என்பதை அதன் பெயரே காட்டும். உரோம எழுத்தில் மூன்றே எழுத்தாகும் ஊவா என்னும் பெயர், ஸ்பானியம், போர்த்துக்கேயம், இத்தாலியம் ஆகிய மொழிகளிலே திராட்சைப் பழத்தைக் குறிக்கும் சொல்லாகும். அதே மூன்றெழுத்து அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துக்குச் சுருக்கப் பெயர். புற ஊதாக் கதிர்களின் ஒரு வகைக்கும் பெயர். ஆகவே ஊவா என்று மட்டும் குறியிட்டு அனுப்பப்பட்ட தேயிலைப் பதிவு, திராட்சைத் தோட்டத்துக்கும் பல்கலைக்கழக விளையாட்டரங்குக்கும் வெயில் தடுக்கும் களிம்புக்கும் நடுவே போய் நிற்க நேரும். எல்ல என்னும் ஊரின் நிலையும் இதுவே. சிங்களத்தில் அச்சொல் நீர்வீழ்ச்சியைச் சுட்டுதலின் அவ்வூருக்கு அது காரணப்பெயர். உரோம எழுத்தில் எழுதியவுடன் அது ஸ்பானியத்தில் ‘அவள்’ என்னும் பொருள் தரும் சொல்லாகிறது. மேனாட்டுப் பெண்கள் பலரின் இயற்பெயருமாகிறது. ஒரு சொல் பல பொருள் பயத்தல் செய்யுளில் அணியாகலாம். வாணிகத்தில் அது வழிமயக்கம். இலங்கை என்னும் அடையோ, தேயிலை என்னும் பொருட்பெயரோ சேர்ந்தவழியே இம்மயக்கம் நீங்கும்.

இனி, தேடும் முறை யாதெனின், அது நான்கு படிகளாய் அமையும். முதலாவது, பொருள், இடம், பருவம், வாங்குவோர் ஆகிய ஒவ்வொன்றையும் பற்றி வழங்கும் பெயர்களைத் தொகுத்தல். விற்போன் தன் மனத்திலிருந்து மட்டும் அவற்றைத் தொகுத்தல் சாலாது. அப்பொருளை வாங்கியோரும் அவ்வூருக்கு வந்துபோனோரும் தம் பதிவுகளில் எச்சொற்களை இட்டனர் என நோக்குதல் வேண்டும். இரண்டாவது, தொகுத்த ஒவ்வொன்றையும் தளத்தில் இட்டு, அதன் கீழ் ஏற்கெனவே கிடப்பன தன் பொருளுக்கு உறவா பகையா எனக் காணல். மூன்றாவது, அப்பெயரின் அளவை அறிதல். கடலும் வேண்டா, வறண்ட குட்டையும் வேண்டா. நான்காவது, சில கிழமைகள் வெவ்வேறு பெயர்களை இட்டு, எதனால் மக்கள் வந்தனர், வந்தவருள் எத்தனை பேர் விலை கேட்டனர் எனக் குறித்து வைத்தல். பலர் முதற் படியிலேயே நின்றுவிடுகின்றனர். இன்ஸ்டகிராம் நெடுங்காலம் ஒரு பதிவுக்கு 30 கொத்துக்குறிகள் வரை இடமளித்தது. அம்முப்பதையும் நிரப்புதலே திறமை எனப் பலர் எண்ணினர். 2021இல் அந்நிறுவனமே மூன்று முதல் ஐந்து வரை போதுமென அறிவுறுத்தியது. சொற்சுருக்கம் நூலாசிரியர்க்கு மட்டுமன்றி வணிகர்க்கும் அழகென்பது இதனால் விளங்கும்.

தேயிலையை எடுத்துக்கொண்டால், சிறப்புப்பெயரின் பயன் தெற்றெனப் புலப்படும். நாடு 1972இல் தன் பெயரை மாற்றிக்கொண்ட பின்னும் தேயிலை சிலோன் என்னும் பழைய பெயரையே கொண்டிருக்கின்றது. அப்பெயருக்கு உலகச் சந்தையிலுள்ள மதிப்பே அதற்குக் காரணம். அப்பெயருக்குள் நுவரெலியா, டிம்புலை, கண்டி, உடப்புசல்லாவை, சப்பிரகமுவா, உறுகுணை, ஊவா என ஏழு பிரதேசப் பெயர்கள் அடங்கும். அவற்றுள் ஊவாத் தேயிலையின் சிறப்பு காற்றினாற் பிறப்பது. ஏறத்தாழ ஜூலை முதல் செப்தெம்பர் வரை மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் கச்சான் காற்று, ஊவாவின் சரிவுகளிலே கொழுந்தை வாட்டி அதற்கொரு தனி மணத்தை ஊட்டுகின்றது. தேயிலைச் சுவைஞர் அம்மணத்தைப் பெயர் சொல்லாமலே இனங்காண்பர். இங்ஙனம் இடமும் பருவமும் காரணமும் ஒருங்கே அமைந்த பொருளுக்குத் ‘தேநீர் விரும்பிகள்’ என்பது போன்ற பொதுக்குறியை இடுதல், பட்டுச்சேலையைத் துணி என்று கூவி விற்பதனோடொக்கும்.

இவ்விடத்து லிப்டன் நினைவுகூரத்தக்கவர். தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதியிலே தோட்டங்களை வாங்கினார். தேயிலையைப் பொட்டலமாகக் கட்டித் தம் பெயரை அதன்மேற் பொறித்து, தோட்டத்திலிருந்து நேரே பருகுவோர் வீட்டுக்கு வருவதெனப் பறைசாற்றினார். கொத்துக்குறி தோன்றுதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, ஒரு பெயரை மக்கள் நாவில் நிலைநிறுத்தும் வித்தையை அவர் கைவரப் பெற்றிருந்தார். எனினும் அப்பெயர் நிலைபெற்றபோது மலையின் பெயர் பின்தள்ளப்பட்டது. இன்றும் தம்பேதன்னைக்கு மேலுள்ள குன்றின் உச்சி அவர் இருக்கையின் பெயராலேயே அறியப்படுகின்றது. பயணிகள் தேடுவதும் அப்பெயரையே. அம்மலையைக் காடு வெட்டித் திருத்திய கைகளுக்கு அங்ஙனம் ஒரு பெயர் வாய்த்திலது.

தோட்டங்களுக்குப் பெயரிடுவதில் இருவேறு மரபுகள் இருந்தன என்பதும் இங்கு கருதத்தக்கது. துரைமார் தம் தாய்நாட்டு ஊர்களின் நினைவாகவும் பிறவாறும் இட்ட பெயர்கள் ஏடுகளில் ஏறின. தொழிலாளர் தம் நாவுக்கும் அனுபவத்துக்கும் இசைய வழங்கிய தமிழ்ப் பெயர்கள் பேச்சில் வாழ்ந்தன. கொத்துக்குறிகள் ஏட்டு மரபையே பின்பற்றுகின்றன. பேச்சு மரபுக்கு அங்கு இடமில்லையோவெனின், உண்டு, தேடியிடுவார் வேண்டும். கொழுந்து என்னும் சொல்லையே நோக்குக. அச்சொல் மலையக மக்களின் உழைப்பு முழுவதையும் உள்ளடக்கியது. அந்தனி ஜீவா நடத்திய மலையக இதழுக்கும் அதுவே பெயராய் அமைந்தது. அத்தகைய சொல்லொன்று தேயிலைப் பொட்டலத்தின் அருகே நிற்குமாயின், அது பிறர் எவரும் எளிதிற் பாவனை செய்ய இயலாத சிறப்புப்பெயராகும்.

தமிழ்ச் சொல்லை இடுங்கால் எழுத்திலக்கணமும் குறுக்கே வந்து நிற்கும். கொத்துக்குறியில் இடைவெளி விடலாகாது. ஆதலின் சொற்கள் புணர்ந்தே நிற்றல் வேண்டும். ஒற்று மிகுத்து ஊவாத்தேயிலை என எழுதுவோர் ஒரு கூட்டமும், ஒற்றின்றி எழுதுவோர் மற்றொரு கூட்டமுமாய்ப் பிரிந்தால், பொறி அவற்றை இருவேறு பெயர்களாகவே கொள்ளும். உரோம எழுத்தில் இத்தொல்லை பெரிது. மலையகம் என்னும் சொல்லை ஆங்கில எழுத்திற் பலர் பலவாறாக எழுதுகின்றனர். 1823ஆம் ஆண்டு முதலாகக் கணித்து, 2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டு வரலாறு நினைவுகூரப்பட்டபோதும் இவ்வெழுத்து வேறுபாடு காணப்பட்டது. தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடைப்பட்ட, 1921இற் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் ஆங்கிலத்தில் வளைவு ஒருமையாகவும் பன்மையாகவும், ஒன்பது எழுத்தாலும் எண்ணாலும் எழுதப்படுகின்றது. எழுத்துக்கூட்டலை முன்கூட்டி ஒருமைப்படுத்திக் கொள்ளாத இயக்கம் தன் குரலைத் தானே துண்டாடியதாகும்.

இனி, விடுபட்டவர் பற்றிக் கூறவேண்டும். தேயிலைச் செடிகளிடையே கூடையோடு நிற்கும் பெண்ணின் படம் ஊவாவின் விளம்பரங்களில் மிகுதியாகக் காணப்படும். அதன்கீழ்க் கொழுந்து பறிப்போர் என ஆங்கிலக் குறியும் இடப்படுவதுண்டு. அப்பெண் அங்கு ஒரு பொதுப்பெயர். அவளுக்கெனச் சிறப்புப்பெயர் இல்லை. அவளது நாட்கூலியும் லயத்து வாழ்க்கையும் அப்படத்திற்குப் புறம்பானவை. கொஸ்லந்தைக்கு அண்மையில் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலுமை நீர்வீழ்ச்சியின் பெயரைப் பயணிகள் நன்கறிவர். அதே கொஸ்லந்தைப் பகுதியிலேதான் மீரியபெத்தைத் தோட்டம் உள்ளது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் அங்கு மண்சரிந்து லயங்கள் புதைந்தன. ஒரே மலைத்தொடரின் இரு பெயர்களுள் ஒன்று காட்சிக்கும் மற்றொன்று துயருக்கும் உரியதாயிற்று. விளம்பரத்திலே துயரைக் காட்டல் வேண்டுமென்பது இதன் கருத்தன்று. மலையை விற்போர் அம்மலையில் வாழ்வோரை வெறும் அலங்காரமாக்குதல் ஆகாதென்பதே கருத்து.

வாணிகத்துக்கு இவ்வறம் எற்றுக்கு என வினவுவோர்க்கு வாணிக வரலாறே விடை கூறும். 2012ஆம் ஆண்டு ஜனவரியில் மக்டொனால்ட்ஸ் நிறுவனம் தன்னைப் பற்றிய இனிய கதைகளை எதிர்பார்த்து ஒரு கொத்துக்குறியை வெளியிட்டது. மக்கள் அதே குறியின் கீழ்த் தம் குறைகளைக் கொட்டினர். சில மணி நேரத்துள் நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட நேர்ந்தது. பெயரை இட்டவனுக்கு அப்பெயர் உடைமையாகி விடுவதில்லை. தேயிலையின் கதையைச் சொல்க என உலகை அழைக்கும் நிறுவனம், கொழுந்து பறிப்போர் சொல்லும் கதையையும் கேட்க ஆயத்தமாயிருத்தல் வேண்டும். நாட்கூலி ஆயிரம் ரூபா வேண்டி 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் நாள் மலையக இளைஞர் கொழும்புக் காலிமுகத்திடலிற் கூடினர். அத்தகைய தலைமுறையினர் கையிலும் அதே கருவி உள்ளது.

கொத்துக்குறியின் காலமே கழிந்ததென்பாரும் உளர். இன்ஸ்டகிராமின் தலைவர் அடம் மொசேரி, கொத்துக்குறியால் மட்டும் ஒரு பதிவு பெருந்தொகையினரைச் சென்றடையாதெனப் பலமுறை கூறியுள்ளார். கொத்துக்குறியைப் பின்தொடரும் வசதியையும் அத்தளம் 2024 டிசெம்பரில் நீக்கியது. இவை உண்மையே. ஆயினும் பொறிகள் இப்போது படத்தையும் அதனுடன் எழுதிய வாக்கியத்தையும் சேர்த்துப் படிக்கின்றன. அடையாளக் கோடுகளின் வலிமை குன்றியது. சொல்லின் வலிமை குன்றிலது. எப்பெயரால் தேடுவர் என்னும் வினா முன்போலவே நிற்கின்றது.

இவ்வினாவுக்கு விடை காணும் தகுதி பெரு நிறுவனத்தாரிலும் ஊவாவின் தோட்டப் பிள்ளைகளுக்கே மிகுதியாக உண்டு. விருந்தினர்க்கு அறை விடுவோரும் மலைப்பாதைக்கு வழிகாட்டுவோரும் சிறு பொட்டலத்தில் தேயிலை விற்போரும் அவர்களுள் உளர். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் அவர்கள் காதில் நாள்தோறும் விழுகின்றன. எக்குன்றுக்கு எப்பெயர், எப்பருவத்து எக்காற்று, எச்சரிவிலே எக்கொழுந்து என்பன அவர்கள் பிறந்த நாள்தொட்டு அறிந்தவை. கல்லூரிகள் அவர்களுக்குக் கணினிப் பயிற்சியோடு பெயரியலையும் சேர்த்துக் கற்பித்தல் நன்று. காரணமறிந்து இடப்பட்ட பெயர் பொருளையும் விற்கும். அப்பொருளை ஆக்கியவரையும் உலகுக்கு அறிவிக்கும்.