இரண்டு வெள்ளைகள்

ஜவ்வாது மலையில் ஆப்பிள் காய்க்காது. அதற்கு வேண்டிய குளிர் இங்கே இல்லை. ஆங்கிலக்காரன் ஆப்பிள் என்று பெயர் ஒட்டிவிட்ட சீத்தாதான் வேலியோரம், பாறையிடுக்கு என்று கேட்பாரில்லாமல் காய்க்கிறது. ஆவணி, புரட்டாசியில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கூடை கூடையாகப் பார்க்கலாம். பழத்தின் ருசியைச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. என்னை மயக்குவது, அதை மாவுப்பூச்சியிடமிருந்து காப்பாற்றும் கைப்பக்குவம்.

சீத்தாக்காயின் கண்களுக்கு இடையே இருக்கும் பள்ளம்தான் இந்தப் பூச்சிக்கு வீடு. பஞ்சுத் துணுக்குப் போல ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்ந்து காயே கறுத்துவிடும். பூச்சியின் உடம்பெல்லாம் மெழுகு, தண்ணீர் பட்டால் வழிந்தோடும். வேப்பெண்ணெயோடு சோப்புக் கரைசலையும் சேர்ப்பது இதற்காகத்தான்.

ஆனால் தேர்ந்த ஆள் முதலில் காயைப் பார்ப்பதில்லை, அடிமரத்தைப் பார்ப்பார். எறும்புச் சாரை ஏறுகிறதா? அந்த இனிப்புக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் இருக்கிறது. அதைத் தின்ன வரும் வண்டுகளை விரட்டுகிறது. தரையைத் தொடும் கிளைகளைக் கழித்து, தண்டைச் சுற்றிப் பாலித்தீன் பட்டை கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவினால் காவல் கலைந்தது.

அப்புறம் வண்டுக்கு வழி திறக்கும். கிரிப்டோலீமஸ் என்று பெயர், ஆஸ்திரேலியாவில் பிறந்தது. காபிச் செடியின் செதில் பூச்சியை ஒடுக்க 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று ஆய்வகங்களில் பரங்கிக்காய்மேல் மாவுப்பூச்சியைப் பெருக்கி, அதை இதற்குத் தீனியாக்கி வளர்க்கிறார்கள். தலை ஆரஞ்சு நிறம், இறகு கரும்பழுப்பு, நீளம் நாலு மில்லிமீட்டர். வேடிக்கை இதன் புழுவில் இருக்கிறது. தன் இரையைப் போலவே வெள்ளை மெழுகுச் சடை போர்த்தியிருக்கும்! நோய் முற்றிவிட்டதென்று பயந்து இதை நசுக்கிவிடுபவர்கள் உண்டு. நானும் நசுக்கியிருக்கிறேன். வித்தியாசம் நுட்பமானது: புழுவின் சடை நீளம், உடம்பு பெரிது, நடை வேகம். மாவுப்பூச்சி பெரும்பாலும் அசையாமல் கிடக்கும்.

இதே மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கிக் கண்ணாடி வைத்து வானத்தைப் பார்க்கிறார்கள். புழுவையும் மாவுப்பூச்சியையும் பிரித்தறியச் சின்னப் பூதக்கண்ணாடி போதும்.

உங்கள் கொல்லைச் சீத்தாவில் வெள்ளை தெரிந்தால், மருந்தைக் கலக்குமுன் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். ஓடினால் விட்டுவிடுங்கள்.