பக்கத்திலிருந்து நீளும் பாட்டுப் புத்தகம்

அலுவலக நண்பரின் பேரனுக்கு ஞானஸ்நானம். ஊர், திருச்செந்தூருக்கு மேற்கே செம்மண் தேரியை ஒட்டிய ஒரு கிராமம். நானும் அம்மாவும் மதுரையிலிருந்து போவதாக ஏற்பாடு. முந்தின நாள் ராத்திரி அம்மா ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். "ஏம்ப்பா, அங்க செருப்பக் கழட்டணுமா? நம்மளும் உள்ள போகலாமா, இல்ல வெளியவே நிக்கணுமா? என்னால கீழ உக்கார முடியாதே, என்ன செய்ய?"

எனக்கும் தெரியவில்லை. நண்பரிடம் கேட்கலாம்தான். விசேஷ வீட்டில் ஆயிரம் வேலைக்கு நடுவே இதைப் போய்க் கேட்பதா என்று தயங்கி, போனில் அந்தக் கோயிலின் பெயரைத் தேடினேன். தென்மாவட்டக் கிறிஸ்தவர்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கோயிலுக்கு ஓர் இணையதளம் இருந்தது. கால் மணி நேரத்தில் அம்மாவின் கேள்விகள் அத்தனைக்கும் பதில் கிடைத்துவிட்டது. அவள் நிம்மதியாகப் படுக்கப் போனாள். நான் படுக்காமல் அதை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். நல்ல கோலத்தைப் புள்ளி புள்ளியாகப் பார்ப்பதுபோல.

முகப்பில் ஒரே ஒரு படம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்து எடுத்த படமோ, வானத்திலிருந்து எடுத்த படமோ இல்லை. தெருவில் வந்து கேட்டருகே நிற்பவர் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதுதான் படத்தில் இருந்தது. திறந்த இரும்புக் கேட், வேப்பமர நிழல், நாலு படி, மேலே திறந்திருக்கும் கதவு. எடுத்தவர் எந்த இடத்தில் நின்று எடுப்பது என்று யோசித்திருக்கிறார். காலையில் நான் போய் நிற்கப் போகிற இடத்தை ராத்திரியே எனக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டார்.

படத்துக்குக் கீழே மூன்றே வரி. ஞாயிறு காலை ஆராதனை 8.30. மாதத்தின் முதல் ஞாயிறு பரிசுத்த நற்கருணை. முதல் மணி 8.00, இரண்டாம் மணி 8.25. இந்த மூன்றாவது வரியில் நான் வெகுநேரம் நின்றேன். ஆராதனை நேரம் மட்டும் போட்டிருந்தால் அது தகவல். மணி நேரத்தையும் போட்டதில் ஊரின் நடைமுறையே வந்துவிட்டது. முதல் மணி கேட்டால் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும், இரண்டாம் மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். அந்த ஊரில் பிறந்தவருக்குக் காதில் ஊறிய கணக்கு அது. அதை அயலூரானுக்கும் ஒரு வரியில் பங்கு வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான தளங்களையும் பார்த்திருக்கிறேன். திறந்ததும் பெரியவர்களின் படங்கள் வரிசையாக ஓடும். பொறுப்பாளர் பட்டியல், ஆண்டுவிழா வாழ்த்து எல்லாம் கடந்து போனால் ஆராதனை நேரம் எங்கோ அடியில் கிடக்கும். சில சமயம் போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் அழைப்பு ஆடி மாதத்திலும் முகப்பில் தொங்கும். அவை சபையாருக்காகச் சபையார் செய்தவை. உள்ளே இருப்பவருக்கு நேரம் தெரியும், வழி தெரியும், தெரியாதவர் ஒருவர் வரக்கூடும் என்பது நினைவில் வருவதில்லை. நான் பார்த்த தளமோ, தெரியாத ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொண்டே எழுதப்பட்டிருந்தது.

மூன்று வரிக்கு அடுத்து ஒரு பட்டன்: 'முதன்முறை வருகிறீர்களா?' தொட்டதும் திறந்த பக்கத்தில்தான் அம்மாவின் கேள்விகள் எல்லாம் இருந்தன. 'செருப்பை வெளியே விடுவது எங்கள் ஊர் வழக்கம். விட முடியாதவர்கள் அணிந்தே வரலாம்.' முதல் வாக்கியம் வழக்கத்தைச் சொல்கிறது. இரண்டாவது வாக்கியம் சர்க்கரை நோயால் காலில் புண் இருப்பவரையும் நினைத்துக்கொள்கிறது. ஆனால் நோயின் பெயரை எடுக்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. அந்த நாகரிகம் எனக்கு மிகவும் பிடித்தது.

'ஆண்கள் இடப்பக்கமும் பெண்கள் வலப்பக்கமும் பாயில் உட்காருவார்கள். பின்னால் நாற்காலிகள் உண்டு. துணை வேண்டியவர்கள் அங்கே சேர்ந்தே உட்காரலாம்.' 'காணிக்கைப் பை வரும்போது அதை அடுத்தவரிடம் கொடுத்தால் போதும்.' 'நற்கருணை வாங்காதவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். எழுந்து வெளியே போக வேண்டியதில்லை.' கடைசி வாக்கியத்தை எழுதியவர், எப்போதோ ஒரு விருந்தாளி அந்த நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் தலை குனிந்து வெளியேறியதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தது மனத்தில் தைக்காமல் இந்த வரி பிறந்திருக்காது.

இவை எல்லாமே வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள். எத்தனை மணிக்கு என்று யாரிடமும் கேட்டுவிடலாம். பையில் பணம் போடாவிட்டால் தவறாக நினைப்பார்களா என்று யாரிடம் கேட்பது? வழிபாட்டு இடங்களுக்கு வெளியே தயங்கி நின்று திரும்பிப் போகிறவர்களில் பலரைத் தடுப்பது கதவில்லை, இந்தக் கூச்சம்தான். கேட்குமுன் பதிலை எடுத்து நீட்டுவதுதான் வரவேற்பு. 'வருக வருக' என்று எத்தனை பெரிய எழுத்தில் எழுதினாலும் அதற்கு ஈடாகாது.

அடுத்தது வழி. மேப்பில் குறிமுள் கோயிலின் நடுவில் குத்தியிருக்கவில்லை, கேட்டில் குத்தியிருந்தது. நடுவில் குத்தினால் போன் சில வேளை பின்சுவர்ச் சந்துக்குக் கூட்டிப் போய் விட்டுவிடும். அதோடு, 'பஸ்ஸில் வருபவர்கள் வாட்டர் டேங்க் ஸ்டாப்பில் இறங்கி, டேங்க்கை ஒட்டிய தெருவில் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும்' என்று கிராமத்தார் வாயால் வழி சொல்வதுபோல் ஒரு வரி. 'தெற்கு வாசலில் படி கிடையாது, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் உண்டு' என்று இன்னொன்று. படியில்லாத வாசல் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்தால், முழங்கால் வலிக்காரர் ஒருவர் கோயிலைச் சுற்றி அலைவது மிச்சம். இங்கிலாந்துத் திருச்சபை 'எ சர்ச் நியர் யூ' என்ற பெயரில் நடத்தும் தளத்தில், அந்தந்த ஊர் ஆலயத்தில் கார் நிறுத்த இடம் உண்டா, கழிப்பறை உண்டா, காது மந்தமானவருக்குக் கருவி வசதி உண்டா என்பதையெல்லாம் தேடிப் பார்க்கலாம். கழிப்பறை எங்கே என்று சொல்வதும் விருந்தோம்பலில் சேர்த்திதான்.

வழி என்றதும் வாடிகன் நினைவுக்கு வருகிறது. 1995 கிறிஸ்துமஸின்போது வாடிகன் இணையத்துக்கு வந்தது. அந்தத் தளத்தைத் தாங்கிய கணினிகளுக்கு ரபேல், மிக்கேல், கபிரியேல் என்று அதிதூதர்களின் பெயர் வைத்தார்கள். செய்தி கொண்டு வருபவர் கபிரியேல், காவல் நிற்பவர் மிக்கேல். ரபேலோ, கத்தோலிக்க விவிலியத்தின் தோபித்து நூலில், அறியாத ஊருக்குப் புறப்பட்ட இளைஞனோடு வழித்துணையாகக் கூடவே நடந்தவர். செய்தி, காவல், வழித்துணை: ஓர் ஆலயத்தின் இணையதளம் செய்ய வேண்டிய மூன்று வேலைகளும் அந்த மூன்று பெயர்களில் இருக்கின்றன. கிராமத்துத் தளத்தின் மேப்பில் எனக்குத் தெரிந்தது ரபேலின் கை.

எழுத்துக்கு வருகிறேன். தமிழ் எழுத்து மேலேயும் விரியும், கீழேயும் இறங்கும். கொக்கியும் சுழியுமாக 'கீ' மேலே வளைய, 'பூ' கீழே வளைய, வரிக்கு வரி இடம் போதாவிட்டால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். இங்கே வரிகளுக்கு நடுவே காற்று ஓடியது. எழுத்து பெரியது, கறுப்பு, பின்னணி வெள்ளை. எல்லோரும் பார்க்கத்தக்க தளத்துக்கான நெறிகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999இல் முதலில் வெளியிட்டது. 2008இல் வந்த இரண்டாம் பதிப்பு, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வெளிர்நீலத்தின்மேல் வெள்ளையில் எழுதினால் இளங்கண்ணுக்கு அழகு, முதிய கண்ணுக்குப் பனிமூட்டம்.

தமிழ் அச்சுக்கும் கிறிஸ்தவ வாசிப்புக்கும் பழைய உறவு உண்டு. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூல் வெறும் 16 பக்கம். பிறகு மிஷனரி சீகன்பால்கின் காலத்தில், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. காகிதம் கட்டுப்படியாகவில்லை. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டு புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார்கள். காகிதத்துக்காக அன்று எழுத்து சுருங்கியது. போன் திரையில் காகிதச் செலவு இல்லை, அம்மா கண்ணாடி தேடாமல் வாசிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாகவே இருக்கலாம். அப்படித்தான் இருந்தது.

இன்னொரு நயம், அழைப்புகளைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே இட்டிருந்தார்கள். படத்துக்குள் மாட்டிக்கொண்ட எழுத்தைப் பெரிதாக்கினால் மங்கும், தேடினால் எளிதில் சிக்காது, பார்வையற்றவரின் போன் அதைச் சரியாக வாசித்துச் சொல்லும் என்று நம்ப முடியாது. எழுத்தாக இருந்தால் எல்லாம் நடக்கும். படங்களுக்குப் பின்னாலும் விளக்கம் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு படத்தின் விளக்கத்தைப் போனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்: 'அசனப் பண்டிகையில் பந்தி நடக்கிறது. மர நிழலில் நீள வரிசையாக மக்கள் இலை முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.' கண் தெரியாதவருக்கும் பந்தியில் ஓர் இடம் போட்டதுபோல் இருந்தது.

ஜெபக் குறிப்பு எழுதும் பக்கத்தில் பெயர் கேட்கும் கட்டம் இல்லை. 'குருவானவர் மட்டும் வாசிப்பார். சபையில் வாசிக்கப்படாது' என்று ஒரு வரி மட்டும். துக்கத்தை எழுத வருபவருக்கு அந்த வரி பெரிய ஆறுதல். இங்கே காவல் நிற்பது மிக்கேல். காணிக்கை அனுப்பும் விவரம் தளத்தின் கடைசியில், சிறிய இடத்தில். விருந்தாளியிடம் முதலில் தண்ணீர்ச் செம்பை நீட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் வைத்த வரிசை அது.

நான் எதிர்பார்க்காத ஒரு பக்கமும் இருந்தது: 'முன்னோரைத் தேடி வருபவர்களுக்கு.' தேயிலைத் தோட்டங்களுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் கடல் கடந்து போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், தாத்தா பாட்டியின் பெயரைத் தேடி ஊர் ஊராக வருகிறார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் தேட வேண்டுமானால் என்னென்ன விவரம் எழுதி அனுப்ப வேண்டும், கல்லறைத் தோட்டம் எப்போது திறந்திருக்கும், யாரைக் கேட்க வேண்டும் என்று அதில் இருந்தது. பதிவேட்டைப் படமெடுத்துப் போட்டுவிடவில்லை. அது ஊரின் அந்தரங்கம். ஆனால் தேடி வருபவர் அந்நியர் அல்ல, திரும்பி வந்த வீட்டுப் பிள்ளை என்று அந்தப் பக்கம் எண்ணுகிறது.

எல்லாவற்றுக்கும் அடியில், 'இந்த விவரங்கள் கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட நாள்' என்று எழுதி அந்த வாரத் தேதி. பூ வாடுமுன் மாற்றுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி.

மறுநாள் போனோம். வாட்டர் டேங்க் இருந்தது, வேப்பமரம் இருந்தது. படத்தில் பார்த்த கேட் அப்படியே திறந்திருந்தது. முதல் மணி சரியாக எட்டுக்கு அடித்தது. செருப்பை விட்டுவிட்டுத் தெற்கு வாசலுக்குப் போனோம். கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்குட்டியார் அம்மாவைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்துச் சாய்தளத்தில் ஏற்றிவிட்டுப் பின்வரிசை நாற்காலியைக் காட்டினார். தளத்தை அமைத்தவரும் அவரும் பேசி வைத்துக்கொண்டார்களா என்று தெரியாது. பேச வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பண்பைத்தான் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுத்தில் இறக்கியிருக்கிறார். பண்பு ஊரில் இல்லாமல் தளத்தில் மட்டும் இருந்திருந்தால், தெற்கு வாசல் பூட்டிக் கிடந்திருக்கும்.

'முதன்முறை வருகிறீர்களா?' பக்கத்தின் கடைசி வரியை நான் இன்னும் சொல்லவில்லை. 'பாட்டுப் புத்தகம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் தருவார்.'

பாட்டு எண் சொன்னார்கள். புத்தகங்கள் புரளும் சத்தம் கோயில் முழுக்க எழுந்தது. அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பாட்டி, தன் புத்தகத்தை விரித்து, பாடவேண்டிய வரியின்மேல் விரலை வைத்து, அம்மாவின் பக்கமாக நகர்த்தினார்.