பொருளியலாளர்களும் அவரவர் வேலிகளும்

பொருளியல் பேராசிரியர் என்றால் வட்டி விகிதம், கூலி, வெங்காய விலை எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார் என்பது வெளியிலிருப்பவர்களின் எண்ணம். பல்கலைக்கழகத்துக்குள் நிலைமை வேறு. அமெரிக்கப் பொருளியல் சங்கம் பராமரிக்கும் ஜே.இ.எல். வகைப்பாடு இந்த இயலை 20 பிரிவுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தைத் தந்திருக்கிறது. பேரியல் பொருளியலுக்கு ‘இ’, நிதிக்கு ‘ஜி’, உழைப்புக்கு ‘ஜே’, பொருளாதார வரலாற்றுக்கு ‘என்’. ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்திலும் வேலை விளம்பரத்திலும் இந்தக் குறியீடுகளைப் பார்க்கலாம். ஒருவர் யார் என்பதை அந்த எழுத்தே சொல்லிவிடும்.

இந்தப் பிரிவினையைக் குறை சொல்வதற்கு முன், அது தந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. கூலியை உயர்த்தினால் வேலை குறையும் என்பது பாடநூல் விதி. உழைப்புச் சந்தையையே படித்துப் பழகிய டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அதை நேரில் சோதித்தார்கள். நியூ ஜெர்சியிலும், ஊதியம் உயராத பக்கத்துப் பென்சில்வேனியாவிலும் 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். எத்தனை பேர் முழுநேரம், எத்தனை பேர் பகுதிநேரம், ஒரு சாப்பாட்டின் விலை என்ன என்பது வரை கேட்டார்கள். இரண்டாம் சுற்றில் தொலைபேசியில் கிடைக்காத கடைகளுக்கு ஆளனுப்பி, மூடிவிட்டார்களா என்று பார்த்தார்கள். வேலை குறைந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. 1994இல் வெளியான அந்தக் கட்டுரையை எதிர்த்து, சம்பளப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு வந்தவர்களும் உழைப்புப் பொருளியலாளர்கள்தான். எந்தத் தரவை நம்பலாம், எந்தக் கேள்வியைக் கடைக்காரர் தவறாகப் புரிந்துகொள்வார் என்பதெல்லாம் ஒரே துறையில் ஆண்டுக்கணக்கில் உழன்றவருக்கே தெரியும். எல்லாவற்றையும் பற்றிப் பேசும் பொதுவான அறிஞரால் இது முடியாது.

ஆனால் உலகம் இந்த எழுத்துகளின்படி பிரிந்து கிடக்கவில்லை. 2008இன் நிதி நெருக்கடி அதைக் கொடூரமாகக் காட்டியது. அதற்கு முன் பேரியல் பொருளியலில் கோலோச்சிய மாதிரிகள் பலவற்றில் வங்கிகளுக்கு இடமே இல்லை. சேமிப்பு எப்படியோ முதலீடாக மாறிவிடும் என்று வைத்துக்கொண்டார்கள்; வங்கி என்றே ஒன்று இல்லாத மாதிரியில் வங்கி திவாலாக முடியாது. நிதித்துறையினரோ பத்திரங்களுக்கு விலை கணிப்பதில் தேர்ந்தவர்கள். அந்தப் பத்திரங்கள் ஒன்றாகச் சரிந்தால் வேலைவாய்ப்பு என்னவாகும் என்பது அவர்களுடைய கேள்வியாக இல்லை. ‘இ’க்கும் ‘ஜி’க்கும் நடுவே இருந்த இடத்தில்தான் நெருக்கடி வளர்ந்தது.

அந்த நவம்பரில் லண்டன் பொருளியல் பள்ளிக்கு வந்த எலிசபெத் அரசி, இதை ஏன் யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை என்று கேட்டார். 2009இல் பிரிட்டிஷ் அகாதெமி சார்பில் அவருக்குச் சென்ற பதில் கடிதம், தனித்தனி அபாயங்களைப் பலர் அறிந்திருந்தார்கள், மொத்த அமைப்பின் ஆபத்தைத்தான் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை என்றது. அறிவு இருந்தது, அது துண்டு துண்டாக இருந்தது. எச்சரிக்கையே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2005இல் மத்திய வங்கியாளர்கள் கூடும் ஜாக்சன் ஹோல் கூட்டத்தில் ரகுராம் ராஜன் எச்சரித்தார். அவையில் கடும் எதிர்ப்புதான் கிடைத்தது. சிகாகோவில் நிதித்துறைப் பேராசிரியரான அவர், அப்போது பன்னாட்டு நிதியத்தின் தலைமைப் பொருளியலாளர். இரண்டு பக்கமும் பார்க்கும் இடத்தில் இருந்தவர் என்பதைத் தற்செயலாக நான் கருதவில்லை.

ஆழமாகப் படிப்பது குற்றமல்ல. பரிசும் பதவியும் வேலிக்கு உள்ளே மட்டும் கிடைப்பதே கோளாறு. நிரந்தரப் பணிக்கு முன் இளம் பேராசிரியருக்குக் கிடைக்கும் சில ஆண்டுகளில், அவர் கட்டுரைகளை எடைபோடுவோர் பெரும்பாலும் அதே உட்துறையினர். இரண்டு துறைகளில் காலூன்றிய கேள்வியை எடுத்தால் இரண்டு பக்கமும் அவரை அரைகுறை என்று சொல்லக்கூடும். விவரம் தெரிந்தவர் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடுகிறார். பலர் தள்ளிப்போட்டது திரும்பி வருவதே இல்லை. பொருளியல் சிந்தனையின் வரலாறு என்ற பிரிவுக்கு ‘பி’ என்ற எழுத்து இன்றும் இருக்கிறது. அதற்கென்று ஆள் எடுக்கும் அமெரிக்கத் துறைகள் மிக அரிது. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது.

வேலியைத் தாண்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2023இல் நோபெல் பெற்ற கிளாடியா கோல்டின் சான்று. அவர் உழைப்புப் பொருளியலாளர், பொருளாதார வரலாற்றாளரும்கூட. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில் என்ற இடத்தில் பல பெண்களுக்கு ‘மனைவி’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எண்களை மட்டும் கையாளப் பழகியவர் அவர்களை வேலை செய்யாதோர் கணக்கில் சேர்த்திருப்பார். வயலிலும் குடும்பத் தொழிலிலும் அந்தப் பெண்கள் உழைத்ததை வேறு ஆவணங்களிலிருந்து கோல்டின் மீட்டெடுத்தார். 1890களின் இறுதியில் மணமான பெண்களின் வேலைவாய்ப்பு விகிதம், கணக்கெடுப்பு காட்டியதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று தெரிந்தது. உழைப்புப் பொருளியலின் கணக்கு மட்டும் தெரிந்தவருக்கு அந்தப் பதிவேட்டின் மேல் சந்தேகமே வந்திருக்காது. ஆவணக் காப்பகம் மட்டும் தெரிந்தவருக்குச் சந்தேகம் வந்திருக்கலாம், விகிதத்தைத் திருத்தும் வழி தெரிந்திருக்காது. இப்படிப்பட்ட ஆய்வுகளை மதிப்பிடும் குழுவில் இரு உட்துறையினரையும் அமர்த்துவதற்குத் துறைத்தலைவர்களுக்குப் புதிய நிதியோ புதிய சட்டமோ தேவையில்லை.