பேகனிடம் கேட்டதும் கனெக்ட் கட்டிக் கேட்பதும்

கவிதை, நாவல், அரசாணை, விளம்பரம் என எல்லாவற்றையும் ‘பிரதி’யாக வாசித்துத் தள்ளிய நாம், எழுதுகிறவர்கள் இன்று நாள்தோறும் எழுதிக் குவிக்கும் ஒன்றை மட்டும் வாசிக்காமலே விட்டிருக்கிறோம். இணையத்தில் எழுத்து வேலை கேட்டு அனுப்புகிற ‘ப்ரபோசல்’தான் அது. கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு சில வருஷங்களாக நான் அதிகம் எழுதியது இதைத்தான். பத்து அனுப்பினால் ஒன்றுக்குப் பதில் வரும். மிச்சம் ஒன்பதும் கூலியில்லா எழுத்து. கூலி இல்லாதது மட்டுமா, காசு கட்டி எழுதுகிற எழுத்தும்கூட. அப்வொர்க் தளத்தில் ப்ரபோசல் அனுப்ப ‘கனெக்ட்’ வாங்க வேண்டும். ஒன்று 15 சென்ட். ஒரு வேலைக்குப் பல கனெக்ட் போகும். வேலை வேறொருவருக்குப் போனால் அது திரும்பாது. கூடுதல் கனெக்ட் வைத்து ஏலம் கேட்டால் நம் பெயர் பட்டியலில் மேலே ஏறும். ஃபைவர் வேறு ரகம், கிடைத்த கூலியில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும்.

சுரண்டல் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் இந்த வடிவம் எழுதுகிறவரை என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கொடுப்பவனிடம் எழுத்தை நீட்டிக் கேட்பது தமிழுக்குப் புதுசில்லை. சீட்டுக்கவி என்றொரு வகையே உண்டு. 1919இல் பாரதியும் எட்டயபுரத்துக்கு எழுதிப் பார்த்தார், பலனில்லை. ஆனால் இந்த மலைக்கென்றே இன்னும் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன், பழனி வட்டாரத்தை ஆண்ட ஆவியர் குடித் தலைவன், மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியோடு இருந்தான். புறநானூற்றில் 143 முதல் 147 வரை கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் நாலு பேரும் அவனிடம் இதைப் பற்றியே பேசுகிறார்கள். பசித்து வரவில்லை, சுற்றத்தைக் காப்பாற்றவும் வரவில்லை, இன்று ராத்திரியே தேரேறி அவளிடம் போ, அதுதான் நான் கேட்கும் பரிசில் என்கிறார் பரணர். நகையும் பொருளும் வேண்டாம் என்கிறார் அரிசில்கிழார். சங்ககாலத்தைப் பொற்காலமாக்குவது என் வேலையல்ல. அவர்களும் அடுத்த வேளைக்கு அரசனை நம்பியவர்கள்தான். கண்ணகியின் துயரமும் ஆண் புலவர்களின் வாய்வழியாகத்தான் வருகிறது. ஆனாலும் பரிசில் கேட்கிற வடிவத்துக்குள்ளேயே, கொடுப்பவன் கேட்க விரும்பாததைச் சொல்ல இடமிருந்தது.

ப்ரபோசலில் அந்த இடம் கிடையாது. கிளையன்ட்டின் மனசில் இருப்பதை ஊகித்து அதையே அவருக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் அதன் இலக்கணம். போன வருஷம் ஒரு பயணத் தளம் கொடைக்கானல் பற்றிக் கட்டுரைகள் கேட்டது. மூன்று விஷயங்களை எழுதி அனுப்பினேன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு, 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸ், 2001இல் மூடப்பட்ட இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் ஆலையும் அது விட்டுப்போன பாதரசமும். பூண்டு ஓகே, மற்றதெல்லாம் ‘நெகட்டிவ்’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்ததே 2016இல்தான். பதினைந்து வருஷப் போராட்டம். இதைத் தணிக்கை என்றுகூடச் சொல்ல முடியாது. தணிக்கை செய்ய எழுதப்பட்ட ஒன்று வேண்டுமே! இங்கே எழுதுவதற்கு முன்பே காரியம் முடிந்துவிடுகிறது. அடுத்த ப்ரபோசல் எழுத உட்காருகிற யாருக்கும் கணக்குப் புரியும்: பாதரசம் என்ற சொல்லுக்கு எட்டு கனெக்ட் நஷ்டம்.

2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் ஏழாவது அட்டவணை, வாடகை வண்டி, உணவு டெலிவரி தளங்களோடு உள்ளடக்க, ஊடகச் சேவைத் தளங்களையும் சேர்த்திருக்கிறது. தமிழக அரசு கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்தது 2023 டிசம்பரில். சோறு கொண்டுபோகிறவர்கள் சங்கம் வைத்துப் பேசுகிறார்கள். பதில் வராத ஒன்பது ப்ரபோசல்களின் நேரத்துக்கு யார் கூலி தருவது என்ற கேள்வியை எழுதுகிறவர்கள் கூடிக் கேட்டு நான் பார்த்ததில்லை. பேகனிடம் நாலு பேரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள். இங்கே ஒரே வேலைக்கு ஐம்பது பேர் எழுதுகிறோம். எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் திரையில் தெரியும். பக்கத்தில் நிற்பவர் என்ன கேட்டார் என்பது தெரியாது.