பதினொன்றும் ஐந்தும்

குழந்தையின் மூத்திரத் துணி காற்றுப்பட்டதும் கறுத்துப்போகும். ஆல்கேப்டோனூரியாவின் முதல் தடயம் பெரும்பாலும் அதுதான். டைரோசினைச் சிதைக்கும் வழியில் ஒரு நொதி வேலை செய்யாததால் ஹோமோஜென்டிசிக் அமிலம் உடலில் தேங்குகிறது. நாளடைவில் குருத்தெலும்பு கறுத்து, முதுகெலும்பும் மூட்டுகளும் பாழாகின்றன. இது பரம்பரையாக வருவது என்பதை ஆர்ச்சிபால்ட் காரட் 1902இலேயே உணர்த்தினார். காரணமான எச்ஜிடி மரபணு 1996இல்தான் பிடிபட்டது.

2.5 லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்படும் இந்நோய், தமிழ்நாட்டின் ஒரு வட்டாரத்தில் சோதிக்கப்பட்ட 41 நரிக்குறவர்களில் 16 பேரிடம் இருப்பதாக 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 11 பேரிடம் ஒரே பிறழ்வு மரபணுவின் இரு பிரதிகளிலும் இருந்தது. 5 பேரிடம் ஒரு பிரதியில் மட்டும். பொது மூதாதை வழி வந்த பிறழ்வும் உறவுக்குள் திருமணமுமே காரணம் என்றது ஆய்வு.

ஆய்வின் வலு அந்த 11 பேரிடம் இருக்கிறது. இரண்டாம் இன்ட்ரானின், அதாவது செய்தியிலிருந்து வெட்டி நீக்கப்படும் துண்டின், முதல் எழுத்தில், ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. மரபணுச் செய்தியை எங்கே வெட்டி ஒட்டுவது என்று செல்லுக்குக் காட்டும் எழுத்து அது. மாறினால், செய்தியில் நிற்க வேண்டிய இரண்டாம் எக்ஸான் விடுபட்டுப்போக எல்லா வாய்ப்பும் உண்டு. பிறழ்வே காரணம் என்று ஏற்கத் தடையில்லை.

இடறுவது அந்த 5 பேரிடம். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்நோய் வரும். இவர்களுடைய மற்றொரு பிரதியின் பழுது கண்டறியப்படவில்லை. வழக்கமான சோதனைக்கு எட்டாத இன்ட்ரானின் நடுவிலோ பெரிய நீக்கமாகவோ அது ஒளிந்திருக்கலாம். ஆனால் ஒரே மூதாதைப் பிறழ்வால் எல்லாவற்றையும் விளக்க முற்பட்டால், 16இல் 5 பேர் அந்த விளக்கத்துக்கு வெளியே நிற்கிறார்கள். பிறழ்வு பரவலாக உள்ள சமூகத்தில் நோயில்லாதவரிடமும் ஒரு பிரதி இருக்கலாம்; அது மட்டுமே நோய்க்குச் சான்றாகாது. ஆகவே அந்த ஐவருக்கும் சிறுநீரில் அமில அளவை மறுபடி பார்த்து, மரபணுவை முழுமையாகப் படித்தாக வேண்டும்.

41இல் 16 என்பதைச் சமூகம் முழுமைக்கும் விகிதமாக்குவதும் தவறு. நோய் ஐயத்தில் தொடங்கி, ஒரே வட்டாரத்தில், உறவினர் கூடி வாழும் இடத்தில் எடுத்த எண்ணிக்கை அது.

என் தீர்ப்பு: பிறழ்வைக் கண்டது உறுதியான பங்களிப்பு, பரவலைச் சொன்னது இன்னும் நிறுவப்படாதது. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட மக்கள்மீது அரைகுறை எண்ணை ஏற்றக் கூடாது. அமிலத்தைக் குறைக்கும் நிட்டிசினோன் மருந்தை இந்நோய்க்குப் பயன்படுத்த 2020இல் ஐரோப்பா ஒப்புதல் தந்துவிட்டது. மூட்டு தேய்வதற்குள் அந்த மருத்துவம் இவர்களை எட்டினால்தான் இந்தக் கண்டுபிடிப்பு முழுமை பெறும்.