நூற்றைந்தா, ஆயிரத்தைந்தா?

போன வாரம் ஞாயிறு பள்ளியிலிருந்து மகள் ஒரு ஒர்க்புக் கொண்டு வந்தாள். கிறிஸ்தவக் கண்ணோட்டத்தில் இடமதிப்பு சொல்லித்தரும் புத்தகமாம். ஒன்று, பத்து, நூறு என்று எண்கள் இடம் மாறாமல் நிற்பது கடவுளின் ஒழுங்கைக் காட்டுகிறது என்று முதல் பக்கத்திலேயே விளக்கம்.

நானும் சர்ச்சுக்குப் போகிறவன்தான். ஆனாலும் இது ஒட்டவில்லை. பத்துப் பத்தாகக் கட்டுவது மனுசன் விரல்விட்டு எண்ணிய பழக்கம். பாபிலோனியர் அறுபதில் கட்டினார்கள், மாயர்கள் இருபதில். எனக்குச் சோறு போடும் கம்ப்யூட்டர் இரண்டில். எங்க நாமக்கல் முட்டை ட்ரேயில் 30. இதில் எது கடவுளின் ஒழுங்கு?

சரி, அதைக்கூட விட்டுவிடலாம். அன்று சாயங்காலம் நூற்றைந்தை எழுதச் சொன்னால் 1005 என்று எழுதினாள். புத்தகமோ 'கவனமாக எழுது' என்பதோடு நகர்ந்துவிடுகிறது. அவள் கவனமாகத்தான் எழுதினாள். நூறு கேட்டது, 100 போட்டாள். ஐந்து கேட்டது, 5 போட்டாள். நம் பழைய எழுத்துமுறையும் இதேதான்: ௱௫. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள் (௰, ௱, ௲) இருந்ததால் சைபரே தேவைப்படவில்லை. 1825-இல் சென்னையில் அச்சான 'கணித தீபிகை' போன்ற புத்தகங்கள் வழியாகத்தான் தமிழ் எண்களோடு சைபர் சேர்ந்தது. யூனிகோடில்கூட இந்த மூன்று குறிகளும் முதலிலேயே இருந்தன. தமிழ் சைபருக்கு 2005-இல், 4.1 பதிப்பில்தான் இடம் கிடைத்தது!

இன்னொரு சிக்கல் தொண்ணூறு. எண்ணூறு என்றால் எட்டு நூறு, தொண்ணூறு என்றால் ஒன்பது பத்து. குழந்தை குழம்பாமல் என்ன செய்யும்? இதைப் பற்றி புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

இத்தனைக்கும் அருமையான கதை பைபிளிலேயே இருக்கிறது. நூறு ஆட்டில் ஒன்று காணாமல் போன கதை. புளியங்கொட்டைகளை ஆடுகளாக்கி, பட்டிக்குப் பத்தாக அடைத்தோம். ஒன்பது பட்டி நிறைந்தது, பத்தாவதில் ஒன்பதே ஒன்பது. தொலைந்த ஆட்டைக் கொண்டுவந்து விட்டதும் அந்தப் பட்டியும் நிறைந்தது. பத்துப் பட்டியையும் ஒரே சாக்கில் கொட்டி, 'நூறு' என்று கட்டினேன். "ரெண்டு ஒம்போதும் எங்கப்பா போச்சு?" என்றாள்.

மறுபடியும் நூற்றைந்து. சாக்கு ஒன்று, வெளியே ஐந்து கொட்டை. "பட்டி எத்தனை இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே இல்லியே" என்று நடுவில் ஒரு சைபர் போட்டாள்.